சோறு சுமப்பவன் விழுந்தால் ஜவாப்தாரி யார்?

நமது நகரத்தில் வீட்டு அடுப்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, செல்போனில் விரலைத் தட்டி உணவு தருவித்து உண்ணும் வழக்கம் வெகுவாகப் பரவிவிட்டது. அது நல்லதா கெட்டதா என்ற விவாதத்தில் நாம் இன்று இறங்கவில்லை. பீளமேட்டில் ஹோப் காலேஜ் முதல் நவஇந்தியா வரையில் உள்ள மாணவர் விடுதிகளுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இரவு பகல் பாராமல் சோற்றுப் பொட்டலம் சுமந்து செல்லும் மனிதர்களைப் பற்றியே எழுத விரும்புகிறோம். அந்த மனிதன் வழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், அல்லது உயிரையே இழந்தால், அவனுக்கும் அவனை நம்பியிருக்கும் குடும்பத்திற்கும் யார் ஜவாப்தாரி? அவனுடைய வண்டி மோதி வேறொருவர் அடிபட்டால் அதற்கு யார் ஜவாப்தாரி? சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில் திருப்திகரமானதாக இல்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பீளமேடு அவினாசி ரோட்டில் நடந்த ஒரு சம்பவத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தனியார் பள்ளிக்கூட பஸ் ஒன்று தாறுமாறாக ஓட்டப்படுவதைக் கண்ட ஸ்விக்கி டெலிவரி ஊழியர் ஒருவர், அதன் டிரைவரை நிறுத்தி நியாயம் கேட்டார். அங்கு வந்த போக்குவரத்துப் போலீஸ்காரர், விசாரிப்பதற்குப் பதிலாக, நியாயம் கேட்டவரையே நடுரோட்டில் கன்னத்தில் அறைந்தார். யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்து வெளியிட்டதால் விஷயம் சந்திக்கு வந்தது, போலீஸ்காரர் கைது செய்யப்பட்டார், டி.ஜி.பி.யே அந்த ஊழியரிடம் பேசினார். அறைக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் அந்த பஸ் அன்று அவர்மீது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கேட்டவர்கள் அதிகம் பேர் இல்லை. ரோட்டில் நடக்கும் தவற்றைத் தட்டிக் கேட்கும் பிரஜைக்கு ரோட்டிலேயே பாதுகாப்பு என்ன இருக்கிறது என்பதே நமது கேள்வி.

முதலில் இன்ஷ்யூரன்ஸ் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவின்படி மூன்றாம் நபருக்கான இன்ஷ்யூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக்கூடாது. அதன்படி டெலிவரி ஊழியர்களும் தங்கள் பைக்குக்கு பாலிஸி எடுத்து, அந்தக் காகிதத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? தனியார் இருசக்கர வண்டிக்குத் தரப்படும் பாலிஸியில், வண்டியை எதற்கு உபயோகிக்கலாம், எதற்குக் கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக்கூடாது. மாதிரிச் சரக்கும் சொந்த மூட்டையும் தவிர வேறு சரக்கு ஏற்றக்கூடாது. இதுவே அதன் சாரம். முதுகில் கம்பெனியின் பெயர் எழுதிய பையில் பிறர் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஆர்டருக்கும் இவ்வளவு ரூபாய் என்று வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவன், தான் பணம் கட்டி வாங்கிய பாலிஸியின் எல்லைக்கு வெளியே நிற்பதாக இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி வாதிக்க இடமிருக்கிறது. வெள்ளை நம்பர் பலகையை மாட்டிக்கொண்டு தொழில் செய்வது அவன் சூழ்ச்சியால் அல்ல. வேலையில் சேரும்போது சொந்த வண்டியும் லைசென்ஸும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கூலிக்கு ஓட்ட இந்த பாலிஸி செல்லுமா என்று யாரும் கேட்பதில்லை.

இதன் விளைவு என்னவென்று பாருங்கள். ஒரு டெலிவரி வண்டி ரோட்டைக் கடக்கும் முதியவர்மீது மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதியவர் கிளெய்ம் டிரிபியூனலுக்குப் போகிறார். பாலிஸி ஷரத்து மீறப்பட்டது என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி எதிர்வாதம் செய்கிறது. அடிபட்ட மூன்றாம் நபரை வெறுங்கையுடன் அனுப்பக்கூடாது என்ற நல்ல நோக்கத்துடன், சுப்ரீம் கோர்ட்டு 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கிலும் பின்னர் வந்த பல வழக்குகளிலும் ஒரு வழி கண்டிருக்கிறது: கம்பெனி முதலில் நஷ்டஈட்டைக் கொடுக்க வேண்டும், பிறகு வண்டிக்காரனிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். முதியவருக்கு நியாயம் கிடைத்தது, நல்லது. ஆனால் வசூல் யாரிடம்? நாள் முழுவதும் ஓட்டி, பெட்ரோல் செலவு போக மிஞ்சுவதைக் கொண்டு வாடகை கட்டுகிறவனிடம். யாருடைய வியாபாரத்திற்காக அவன் அந்த நேரத்தில் அந்த ரோட்டில் சென்றானோ அந்தக் கம்பெனி, வழக்கில் கட்சிக்காரராகக்கூட இல்லாமல் ஒதுங்கி நிற்கிறது.

அடிபட்டது ஓட்டியவனே என்றால் நிலைமை இதைவிட மோசம். மூன்றாம் நபர் பாலிஸி என்பது பெயருக்கேற்றபடி மூன்றாம் நபருக்குத்தான். வண்டியின் சொந்தக்காரருக்கு அதில் இடமில்லை. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் சொந்தக்காரரின் ஸ்தானத்தில் நிற்கிறார் என்று 2009-ல் நிங்கம்மா வழக்கிலும், 2020-ல் ராம்கிலாடி வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியிருக்கிறது. சொந்தக்கார டிரைவருக்கென்று தனிநபர் விபத்து இன்ஷ்யூரன்ஸ் உண்டு. 2018-ல் அதை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். பாராட்டத்தக்க சீர்திருத்தம்தான். ஆனால் வண்டி அவர் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நம் ஊரில் அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது பிள்ளை. அண்ணன் பெயரில் வண்டி, ஓட்டுவது தம்பி. அந்தப் பிள்ளையும் தம்பியும் விழுந்தால் அந்த 15 லட்சம் அவர்களுக்குச் சொந்தமில்லை.

இதற்கும் மேலே இன்னொரு சங்கடம் உண்டு. மோட்டார் சட்டத்தின் நஷ்டஈடு, பெரும்பாலும் யார்மீது குற்றம் என்ற கேள்வியைச் சுற்றியே சுழல்கிறது. லாரி மோதினால் லாரியின் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியைக் கேட்கலாம். குறுக்கே ஓடிய நாய்க்காக பிரேக் பிடித்து விழுந்தவன் யாரைக் கேட்பான்? மழைநீர் மூடிய குழியில் சக்கரம் இறங்கியவன் யாரைக் கேட்பான்? தன் கவனக் குறைவால் தானே விபத்துக்குள்ளாகி இறந்தவரின் குடும்பம் மோட்டார் சட்டத்தில் நஷ்டஈடு கோர முடியாது என்று 2025-லும் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. இந்தியாவில் 2022-ல் ரோட்டு விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். எண்ணிக்கையில் அதிகமான விபத்துக்கள் நடந்த ராஜ்யம் அந்த வருஷம் நமது தமிழ்நாடுதான். இத்தகைய ரோடுகளையே தொழிற்சாலையாகக் கொண்டு உழைப்பவர்களைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தொழிற்சாலை என்ற சொல்லை நாம் யோசித்தே உபயோகிக்கிறோம். குற்றம் யாருடையது என்று பாராமல், வேலையின் நிமித்தம் அடிபட்டானா என்பதை மட்டும் பார்க்கும் சட்டம் ஒன்று இந்த தேசத்தில் ஒரு நூற்றாண்டாக இருந்து வந்திருக்கிறது. 1923-ல் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமே அது. அந்நிய ஆட்சி தந்த சட்டம் என்றாலும், அதற்குப் பின்னால் இருந்த நியாயம் அந்நியமானதல்ல. அந்த நியாயம் எப்படிப் பிறந்தது என்பதை நமது நேயர்களில் சட்டம் பயிலாதவர்களும் தெரிந்துகொள்வது நலம்.

இங்கிலாந்தில் கசாப்புக் கடைக்காரர் ஒருவரிடம் பிரீஸ்ட்லி என்ற இளைஞன் வேலை பார்த்தான். கடையின் இறைச்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாடிக்கைக்காரர்களுக்குச் சேர்ப்பிக்கப் போனபோது, அளவுக்கு மீறி பாரம் ஏற்றியிருந்த வண்டி முறிந்து, அவன் தொடை எலும்பு ஒடிந்தது. அவன் எஜமானர் பௌலர் மீது வழக்குத் தொடுத்தான். ஜூரிகள் 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் 1837-ல் பிரபு அபிங்கர் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டார். இதற்கெல்லாம் எஜமானரை ஜவாப்தாரியாக்கினால் அது எங்கே போய் முடியுமோ என்று அவருக்குப் பயம். தவிர, ஆபத்து என்று தோன்றினால் வேலைக்காரன் அந்த வேலையை மறுத்திருக்கலாமே என்பது அவருடைய வாதம். சக ஊழியனின் தவற்றுக்கு எஜமானர் பொறுப்பல்ல என்ற கொடிய சித்தாந்தம் இந்த வழக்கை வேராகக் கொண்டே வளர்ந்தது. உலகத் தொழிலாளர் சட்டத்தின் சரித்திரம், வீட்டுக்கு உணவு கொண்டுபோன ஒரு பையனின் ஒடிந்த காலிலிருந்து தொடங்குகிறது என்பது நமக்கு வியப்பாக இருக்கிறது.

அந்தச் சித்தாந்தத்தை ஒழிக்க இங்கிலாந்துக்கு நூறு வருஷத்திற்கு மேல் பிடித்தது. 1897-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது; சித்தாந்தம் அடியோடு போனது 1948-ல். நமது தேசம் இவ்விஷயத்தில் அவ்வளவு தாமதிக்கவில்லை. 1938-லேயே எஜமானர் பொறுப்புச் சட்டத்தின் மூலம் அந்த எதிர்வாதத்தை இங்கே அடைத்துவிட்டார்கள். பஞ்சாலைகள் எழுந்த பீளமேட்டில் இந்தச் சட்டங்கள் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. ராதாகிருஷ்ணா மில் போன்ற ஆலைகளின் சங்குச் சப்தத்தில் விழித்த ஊர் இது. கோவை மில் தொழிலாளருக்காக உழைத்து 1943-ல் இளவயதிலேயே மறைந்த என்.ஜி. ராமசாமியின் ஊர். சுதந்திரத்திற்குப் பின் தொழிலாளர் அரசு இன்ஷ்யூரன்ஸ் திட்டம் தமிழ்நாட்டில் காலெடுத்து வைத்ததும் கோவையில்தான், 1955-ல். இயந்திரத்தில் விரலை இழந்த தொழிலாளி, தவறு என்னுடையதா உன்னுடையதா என்று வாதாடாமல் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. அவனுடைய பேரன் இன்று அதே ரோட்டில் பிரியாணி சுமந்து செல்கிறான். அவனுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. காரணம் கேட்டால், அவன் தொழிலாளியே அல்லவாம். கம்பெனியின் 'பார்ட்னர்' ஆம்!

பங்காளி என்றால் நம் ஊரில் பாகம் உண்டு. லாபத்தில் பாகமில்லாத இந்தப் பங்காளிக்கு நஷ்டத்தில் மட்டும் முழுப் பாகம் கிடைக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திற்கும் கூலியைக் கம்பெனி நிர்ணயிக்கிறது. எந்தக் கடையில் எடுத்து எந்த வாசலில் கொடுக்கவேண்டும் என்று அதுவே கட்டளையிடுகிறது. மதிப்பெண் போடுகிறது, பிடிக்காவிட்டால் ஐ.டி.யை முடக்கி ஒரே நாளில் பிழைப்பைப் பறிக்கிறது. இத்தனைக்கும் பிறகு, நினைத்த நேரத்தில் ஆப்பைத் திறக்கலாம், நினைத்த நேரத்தில் மூடலாம், ஆகவே நீ சுதந்திர புருஷன் என்கிறது. பிரபு அபிங்கரும் இதைத்தானே சொன்னார்? விருப்பமில்லையென்றால் வேலையை மறுத்திருக்கலாமே என்றார்.

நமது சுப்ரீம் கோர்ட்டு இத்தகைய வேஷங்களைக் கலைத்ததற்கு முன்மாதிரிகள் உண்டு. 1973-ல் சில்வர் ஜூபிலி தையற்கடை வழக்கில், உருப்படிக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு நினைத்தபோது வந்து போன தையற்காரர்களும் ஊழியர்களே என்று தீர்ப்பாயிற்று. 1978-ல் ஹுசேன்பாய் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், நடுவில் எத்தனை ஒப்பந்தத் திரைகள் தொங்கினாலும், எவருடைய வியாபாரத்திற்காக உழைப்பு செலவாகிறதோ, எவருடைய பொருளாதார ஆதிக்கத்தில் தொழிலாளியின் பிழைப்பு இருக்கிறதோ, அவரே உண்மையான முதலாளி என்ற கருத்தை நிலைநாட்டினார். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், டெலிவரி ஊழியர் யாருடைய ஆள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் சுப்ரீம் கோர்ட்டு 2021-ல் ஊபர் டிரைவர்களைத் தொழிலாளர்கள் என்றது. ஆனால் 2023-ல் டெலிவரூ என்ற உணவுக் கம்பெனியின் ஆட்களுக்கு அந்த அந்தஸ்தை மறுத்துவிட்டது. தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப அவர்களுக்கு உரிமை இருந்ததே முக்கிய காரணம். நமது நாட்டுக் கம்பெனிகளின் வக்கீல்கள் இதை மேற்கோள் காட்டினால், அவர்களை ஒரு கேள்வி கேட்கலாம். இங்கே ஆப் அவ்வப்போது ஊழியரின் முகத்தைப் படமெடுத்துக் காட்டச் சொல்கிறதே, அது எதற்காக? வேறொருவர் ஓட்டிவிடக்கூடாது என்பதற்குத்தானே!

பார்லிமெண்டு இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கலாம். 2020-ல் இயற்றி, 2025 நவம்பர் 21-ம் தேதி அமலுக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இவர்களுடைய பெயர் முதல் தடவையாக ஏறியிருக்கிறது. 1923-ம் வருஷத்துச் சட்டமும் அந்தத் தொகுப்புக்குள் ஓர் அத்தியாயமாக அடங்கிவிட்டது. ஆனால் பெயர் ஏறிய இடத்தைப் பாருங்கள். 'கிக்' தொழிலாளி என்பவர் வழக்கமான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்று வியாக்கியானம் செய்து, ஒரே வாக்கியத்தில் அவரைச் சட்டத்திற்குள் அழைத்து, நஷ்டஈட்டு அத்தியாயத்திலிருந்து வெளியே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக, விபத்து இன்ஷ்யூரன்ஸ் முதலியவற்றுக்கு சர்க்கார் திட்டம் வகுக்கலாம் என்றும், கம்பெனிகள் வருஷ வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை, ஆனால் தொழிலாளருக்குக் கொடுப்பதில் ஐந்து சதவிகிதத்திற்கு மேற்படாமல், நிதிக்குக் கொடுக்கவேண்டும் என்றும் ஏற்பாடு. 'வகுக்கலாம்' என்பது வேறு, 'கொடுக்கவேண்டும்' என்பது வேறு. இந்த வித்தியாசத்தை மனைவி மக்கள் உணர்வது பிணம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டே காட்டலாம். பழைய நஷ்டஈட்டுச் சட்டத்தில் 2020 ஜனவரி முதல் மாதச் சம்பளத்தை 15,000 ரூபாய் வரையில் கணக்கில் கொண்டார்கள். 25 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால், சம்பளத்தில் பாதியை அட்டவணையில் அந்த வயதுக்குரிய 216.91 என்ற எண்ணால் பெருக்கவேண்டும். 7,500 ரூபாயைப் பெருக்கினால் 16 லட்சத்து 26 ஆயிரத்து 825 ரூபாய். தாமதித்தால் நூற்றுக்கு 12 வட்டி. இதை எழுதி வாங்கி விட்டுக்கொடுக்கச் செய்தாலும் அந்த எழுத்து செல்லாது. பார்ட்னர் என்ற ஒரு சொல், அந்தக் குடும்பத்திற்கு இந்தத் தொகையின் மேல் உள்ள பாத்தியதையை அழித்துவிடுகிறது.

தமிழ்நாடு சர்க்கார் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். 2023 டிசம்பரில் இவர்களுக்கென்று தனி நலவாரியம் அமைத்தார்கள். 2025 பட்ஜெட்டில், விபத்தில் இறந்தால் 5 லட்சமும் அங்கஹீனத்திற்கு இரண்டரை லட்சமும் தரும் இன்ஷ்யூரன்ஸையும், மின்சார ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்கு தலைக்கு 20,000 ரூபாய் உதவியையும் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் கம்பெனியின் வியாபாரத்தில் ஏற்பட்ட சேதத்தைப் பொதுஜனங்களின் வரிப்பணம் ஏன் ஈடுசெய்ய வேண்டும்? ராஜஸ்தான் 2023-லும் கர்நாடகம் 2025-லும் தனிச் சட்டம் இயற்றி, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் கம்பெனியிடமிருந்து தொகை பிடிக்க வழிசெய்திருக்கின்றன. நம் தமிழர்கள் பல்லாயிரவர் வாழும் சிங்கப்பூர் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. 2025 ஜனவரி 1-ம் தேதி அமலுக்கு வந்த அதன் சட்டத்தில், இந்த ஊழியர்கள் அடிபட்டால் சாதாரணத் தொழிலாளிக்கு உள்ள அதே அளவு நஷ்டஈடு கிடைக்க, கம்பெனியே இன்ஷ்யூரன்ஸ் எடுத்தாகவேண்டும். அங்கே கடைகள் மூடப்பட்டுவிடவில்லை; சாப்பாடும் வீடு தேடி வந்துகொண்டுதான் இருக்கிறது.

கம்பெனிகள் தாமாகவே கூட்டு இன்ஷ்யூரன்ஸ் எடுத்திருப்பதாகச் சொல்கின்றன. எடுத்திருப்பது நல்லதே. ஆனால் அது கம்பெனி மனமுவந்து தருவது, நாளைக்கே மாற்றலாம். ஆர்டர் கையில் இருந்தபோது விழுந்தானா, கொடுத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தபோது விழுந்தானா என்பதில் தகராறு எழுந்தால், ஆப்பின் கணக்குப் புஸ்தகம் கம்பெனியின் கையில் இருக்கிறது. "அடிபட்டா மொதல்ல ஆர்டர் என்னாச்சுனு கேக்கறாங்க, அப்பறந்தானுங்க ஆளு என்னாச்சுனு கேக்கறாங்க" என்று ஹோப் காலேஜ் அருகில் ஓர் இளைஞர் நம்மிடம் சொன்னார். பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலில் என்ற விளம்பரங்கள் இந்த அவசரத்துக்குத் தூபம் போட்டன. 2025 டிசம்பர் கடைசியில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, மத்திய தொழிலாளர் மந்திரியும் தலையிட்ட பிறகு, 2026 ஜனவரியில் ஒரு பெரிய கம்பெனி அந்தப் பத்து நிமிஷப் பெருமையை விளம்பரத்திலிருந்து எடுத்தது. விளம்பரம் போயிற்று, அதிக ஓட்டத்திற்கு அதிக ஊக்கத்தொகை என்ற கணக்கு இருக்கும்வரையில் அவசரம் எங்கே போகும்? 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் பத்து கிலோமீட்டரைக் கார்கள் தடையின்றிக் கடக்கின்றன. டெலிவரிக்காரனின் கடையும் வாசலும் கீழேதான் இருக்கின்றன.

சட்டசபை செய்யவேண்டியதைச் செய்யும் வரையில், பீளமேட்டிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தேசத்தொண்டர்களும் சங்க ஊழியர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. ஊழியர் ஒவ்வொருவரின் பாலிஸியையும் வாங்கிப் படித்து, கூலி ஓட்டத்தை ஏற்கும் பாலிஸி இருக்கிறதா, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லிக் கொடுக்கலாம். நலவாரியத்தில் பதிவு செய்து வைக்கலாம். பதிவில்லாதவருக்கு 5 லட்சமும் இல்லை. விபத்து நடந்தால் போலீஸில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும்வரை விடக்கூடாது. அப்போது ஆப்பில் இருந்த ஆர்டரையும் நேரத்தையும் செல்போனிலேயே படம் பிடித்து வைக்கவேண்டும், ஐ.டி. முடங்கினால் பிறகு எதுவும் கிடைக்காது. சிகிச்சைக்குப் பணமில்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் தயங்க வேண்டாம். முதல் 48 மணி நேரத்திற்கு ராஜ்ய சர்க்காரின் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 முதல் இருக்கிறது. ஏழு நாளில் ஒன்றரை லட்சம் வரையில் மத்திய சர்க்காரின் திட்டமும் 2025 மே முதல் இருக்கிறது. மோதிய வண்டி அகப்படாமல் ஓடிவிட்டால்கூட, இறந்தவர் குடும்பத்திற்கு 2 லட்சமும் பலத்த காயத்திற்கு 50,000 ரூபாயும் பெற 161-வது பிரிவில் வழியுண்டு.

நமது வக்கீல் நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். டிரிபியூனலில் மனுப் போடும்போது வண்டிக்காரரையும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியையும் மட்டும் எதிர்மனுதாரர்களாகக் காட்டி நிறுத்திவிடாதீர்கள். யாருடைய ஆர்டர் அந்தப் பையில் இருந்ததோ அந்தக் கம்பெனியையும் மூன்றாவது எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஊழியரே அடிபட்டிருந்தால், அவர் பார்ட்னர் அல்ல, ஊழியர்தான் என்று தொழிலாளர் இலாகாவின் நஷ்டஈட்டு அதிகாரி முன் துணிந்து மனுக் கொடுங்கள். தோற்றாலும் ஹைகோர்ட்டு வரையில் கொண்டுபோகத்தக்க கேள்வி அது. மோட்டார் மனுவுக்கு ஆறு மாதக் கெடு என்று 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த 166-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவையும் மறக்க வேண்டாம். கெடு கடந்ததென்று மனுக்களைத் தள்ள வேண்டாம் என சுப்ரீம் கோர்ட்டு 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. அதை நம்பிக் காத்திராமல், காரியம் முடிந்த பதினாறாம் நாளே அந்தக் குடும்பத்திடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.